பெண் என்னும் வில்லங்கம்

வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் வழிகாட்டும் எழுத்து தமிழில் ஏராளம். நாளிதழ்களின் வார இணைப்புகளில் வழக்கறிஞர்கள் எழுதும் கேள்வி–பதில் பத்திகள், புத்தகக் காட்சியில் கிடைக்கும் சட்டக் கையேடுகள், கடன் விண்ணப்பத்தோடு வங்கியில் தரும் துண்டறிக்கைகள் என்று பல வடிவங்களில் அது வருகிறது. இதை யாரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆகவே விமர்சிப்பதும் இல்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு நாவலைக்கூடத் தொடாத குடும்பமும் வீடு வாங்கும் முன் இந்த எழுத்தை வரிவரியாக வாசிக்கிறது, அதன்படி நடக்கவும் செய்கிறது. இத்தனை கீழ்ப்படிதலோடு வாசிக்கப்படும் உரைநடை நம்மிடம் குறைவு. அதனாலேயே இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், அந்தப் பேச்சில் பெண் எந்த இடத்தில் வருகிறாள்?

இந்தப் பத்திகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சில உண்டு. அசல் மூலப்பத்திரம் இருக்கிறதா? 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தாயிற்றா? பட்டா யார் பெயரில் இருக்கிறது? பவர் வைத்து விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? இவற்றைத் தொடர்ந்து குரல் தணிந்து ஒரு கேள்வி வரும்: விற்பவருக்குச் சகோதரிகள் உண்டா, அவர்கள் கையெழுத்துப் போட்டார்களா?

கேள்விகளில் பிழை இல்லை. வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத பாகப்பிரிவினை, வாய்மொழி ஏற்பாடு, அப்பா இறந்த பிறகு யார் யாருக்குப் பங்கு சேர்ந்தது என்பதெல்லாம் அதில் வராது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அண்ணன் பெயரில் பட்டா இருக்கும், வில்லங்கச் சான்றில் ஒன்றும் இருக்காது, ஆனால் வேறு ஊரில் வாழும் தங்கைக்கு அந்த வீட்டில் பங்கு இருக்கும். எனவே வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள் என்கிறார் வழக்கறிஞர். வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல ஆலோசனை.

என் அக்கறை, மகள் அந்தப் பிரதிக்குள் நுழைகிற விதத்தைப் பற்றியது. இந்த எழுத்தின் வாசகர் ‘நீங்கள்’. தமிழில் ‘நீங்கள்’ ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் இரண்டு பத்தி தள்ளி ‘உங்கள் மனைவி பெயரில் வாங்கலாமா?’ என்று கேட்கும்போது அது யாரென்று தெரிந்துவிடுகிறது. வாங்குபவர் ஆண், விற்பவர் ஆண், இடையில் பேசி முடிக்கும் தரகரும் ஆண். பெண் மூன்று இடங்களில் தலைகாட்டுகிறாள்: கையெழுத்து வாங்கப்பட வேண்டிய சகோதரியாக, பெயர் போடப்பட வேண்டிய மனைவியாக, கைநாட்டு வைக்க வேண்டிய வயதான தாயாக. சட்டம் அவளை உரிமையாளர் என்கிறது. சந்தையின் மொழி அவளை வில்லங்கம் என்று எழுதுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் நம் பெண்களின் வீடுகள் தொலைந்துபோகின்றன என்பது என் வாதம்.

பத்திரத்தின் மொழி

எங்கள் துறையின் முதுகலை வகுப்பில் உரைநடை வரலாறு நடத்தும்போது, வீட்டில் உள்ள பழைய பத்திரம் ஒன்றைக் கேட்டு வாசித்து வரும்படி மாணவிகளிடம் சொல்வதுண்டு. பெயர், தொகை, எல்லை விவரம் எதுவும் வகுப்புக்கு வேண்டாம், மொழி மட்டும் போதும் என்பது நிபந்தனை. பலர் வெறுங்கையோடு வருவார்கள். “அப்பா பீரோவில வச்சிருக்காங்க மேம், தொடக் கூடாதுன்னுட்டாங்க.” அம்மாவிடம் கேட்டாயா என்றால், அம்மாவுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்பார்கள். இதுவும் அந்தப் பயிற்சியின் விடைகளில் ஒன்றாகிவிடும்.

வாசித்து வந்தவர்கள் குறித்துக்கொண்டு வரும் சொற்களில் முதலிடம் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்பதற்கு. கிரையப் பத்திரத்தின் கடைசிப் பகுதியில், விற்ற சொத்தை வாங்கியவர் சர்வ சுதந்திர பாத்தியதையுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று வரும். புத்திரன் மகன், பௌத்திரன் மகனின் மகன். வீட்டை வாங்குபவர் பெண்ணாக இருந்தாலும், அவள் தன் சம்பளத்தில் வாங்கினாலும், அவளுக்கு இரண்டு மகள்கள் மட்டுமே இருந்தாலும், பத்திர எழுத்தரின் பழைய வார்ப்பில் இந்தத் தொடர் அப்படியே இறங்கிவிடும். இதனால் சட்டப்படி மகளின் உரிமை பறிபோகாது; வாரிசுரிமையைச் சட்டம் தீர்மானிக்கிறது. ஆனால் சொந்த வீட்டின் பத்திரத்திலேயே தன் மகளுக்கு வார்த்தை இல்லாத ஒரு பிரதியில் பெண் கையெழுத்திடுகிறாள்.

அடுத்தது, பெண்ணை அறிமுகப்படுத்தும் முறை. ஆணுக்கு எப்போதும் தந்தை பெயர். பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் தந்தை பெயர், பின் கணவர் பெயர். ஒரே பெண் இருபது வருட இடைவெளியில் இரண்டு பத்திரங்களில் இரண்டு ஆட்களாக இருப்பாள். பின்னாளில் ‘அவரும் இவரும் ஒருவரே’ என்று சான்று தேடி அலைவது பெரும்பாலும் பெண்கள்தான்.

மூன்றாவது, ‘எழுதிக்கொடுப்பவர்’, ‘எழுதி வாங்குபவர்’ என்ற சொற்கள். கவிதை எழுதுகிற எனக்கு இது வியப்பைத் தந்த இடம். எழுதிக்கொடுப்பவர் ஒரு வரியும் எழுதுவதில்லை. பத்திர எழுத்தர் எழுதுகிறார், எழுதிக்கொடுப்பவர் கையெழுத்து மட்டும் போடுகிறார். எழுதாத ஒன்றுக்கு ஆசிரியராக ஆவது இங்கே ஆணுக்கும் உண்டு. ஆனால் ஆண் பெரும்பாலும் அதற்கு முன்பே அந்த எழுத்தர் முன் உட்கார்ந்து என்ன எழுத வேண்டும் என்று பேசியிருப்பான். பெண் வந்து சேர்வது கையெழுத்து நாளன்று.

இது புதிய வழக்கமும் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்கள் நிலம் விற்றதும் கொடுத்ததும் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் விற்கும் பெண்ணின் சார்பில் ‘முதுகண்’ என்று ஓர் ஆண் முன்னிறுத்தப்படுகிறான். நிலம் அவளுடையது, பேசும் வாய் அவனுடையது. இன்றைய சட்டத்தில் முதுகண் கிடையாது. வயது வந்த பெண் யார் துணையும் இல்லாமல் விற்கலாம், வாங்கலாம். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தின் நீண்ட பெஞ்சில் ஒரு முற்பகல் உட்கார்ந்து பார்த்தால், முதுகண் ஒழிந்துபோனான் என்று சொல்லத் தயக்கமாக இருக்கும்.

சட்டம் வந்த வழி

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டின் இறுதியில்தான் வர்ஜீனியா வுல்ஃப்பின் ‘தனக்கென ஓர் அறை’ இலண்டனில் வெளியானது. நாம் வகுப்பறைகளில் வுல்ஃப்பைப் பாடமாக வைக்கிறோம். செங்கல்பட்டுத் தீர்மானத்தை வரலாற்றுத் துறைக்கு விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. வுல்ஃப்பின் கட்டுரையிலும் சுதந்திரம் ஒரு வழக்கறிஞரின் கடிதமாகத்தான் வந்து சேர்கிறது: அத்தை ஒருத்தி விட்டுச்சென்ற, ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானம்.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. ஆனால் வீடு என்று வந்தபோது அதே சட்டம் கையை இழுத்துக்கொண்டது. 23ஆம் பிரிவின்படி, குடும்பத்தார் வசிக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகளால் கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் தங்கும் உரிமையும் மணமாகாத மகளுக்கு, கணவனால் கைவிடப்பட்டவளுக்கு, பிரிந்து வந்தவளுக்கு, கைம்பெண்ணுக்கு மட்டும்தான். பங்கு உண்டு, வாசல் இல்லை. வாழ்ந்துகொண்டிருக்கும் மகளுக்குப் பிறந்த வீட்டில் இடமில்லை, வாழ்க்கை உடைந்தால் திண்ணையில் இடமுண்டு என்ற ஊர்வழக்கையே சட்டமும் எழுதிவைத்தது. 2005 திருத்தத்தில்தான் இந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

பூர்வீகச் சொத்தின் கதை வேறு. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் மகளும் பிறப்பாலேயே பங்காளி ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமான, மணமாகாத மகள் என்ற வேற்றுமையை எடுத்துவிட்டது. 20.12.2004க்கு முன்பே முறையாக நடந்த விற்பனைகளையும் பாகப்பிரிவினைகளையும் மட்டும் அது தொடவில்லை. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்தாக வேண்டுமா என்ற குழப்பம் நீடித்தது. அப்படித் தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று தீர்த்துவைத்தது.

இவை இந்துச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு. கிறித்தவர்களுக்கு 1925இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. முஸ்லிம் தனிநபர் சட்டத்தில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி. எல்லாருக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு: தந்தை தானே சம்பாதித்து வாங்கிய வீட்டை, அவர் உயிரோடு இருக்கும்வரை, மகனாலும் மகளாலும் உரிமையாகக் கேட்க முடியாது.

இந்த வரலாற்றைக் கேள்வி–பதில் பத்திகள் எப்படி உள்வாங்கின? ஒவ்வொரு தேதியும் வாங்குபவருக்கான எச்சரிக்கையாக மாறியது. 1989க்குப் பின் மணமான மகள் உண்டா என்று பாருங்கள், 2005க்குப் பின் எல்லா மகள்களையும் பாருங்கள், 2020 தீர்ப்புக்குப் பின் இறந்தவரின் மகள்களையும் விடாதீர்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலான போராட்டத்தின் பலன், சரிபார்க்க வேண்டிய பட்டியலில் ஒரு வரி கூடியதுதான். ‘நீங்கள் மகளாக இருந்தால்’ என்று தொடங்கும் ஒரு பத்தி எனக்குக் கண்ணில் பட்டது மிக அரிது.

விடுதலை

சகோதரி கையெழுத்திடும் ஆவணத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். தமிழில் இத்தனை முரண் பொதிந்த நூல் தலைப்பு வேறில்லை. பெண்ணியம் படிக்கும் மாணவிக்கு விடுதலை என்றால் ஒரு பொருள், சார்பதிவாளர் அலுவலகத்தில் நேர்மாறான பொருள். இங்கே விடுவிக்கப்படுவது சொத்து. அதைப் பிடித்துக்கொண்டிருந்ததாகக் கருதப்படுவது அவளுடைய கை.

இந்தப் பத்திரத்தைக் கதையாக வாசித்தால் தன்மையில் ஒரு பெண் பேசுவாள். எனக்குரிய பாகத்துக்கு ஈடாக இன்ன தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன், என் முழு மனச் சம்மதத்துடன் பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறேன், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் இல்லை, பின்னிட்டு வில்லங்கம் ஏதும் வந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவேன். எத்தனை தெளிவான, தயக்கமே இல்லாத குரல்! நம் பெண்கள் எழுதிய தன்வரலாறுகள் எதிலும் இப்படி ஒரு திடமான ‘நான்’ கிடைக்காது. அந்த ‘நான்’ பெரும்பாலும் வாசித்துக்கூடக் காட்டப்படாத ‘நான்’ என்பதுதான் துயரம்.

மாணவி ஒருத்தியின் அம்மா அப்படிக் கையெழுத்திட்டவர். பத்திரத்தில் ஒரு லட்ச ரூபாய் பெற்றுக்கொண்டதாக இருந்தது. அவர் கைக்கு வந்தது ஒரு பட்டுப்புடவையும் வெற்றிலைப் பாக்கும். “அண்ணன் கேக்கும்போது எப்படி இல்லைங்கிறது? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா வந்து நிக்கிறது அவங்கதானே” என்றாராம் மகளிடம். இந்தப் பதிலை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சம் நடைமுறை அறிவிலிருந்து வருவது. அடிபட்டு நள்ளிரவில் வெளியேறும் பெண்ணுக்கு முதலில் தோன்றும் முகவரி அண்ணன் வீடு. அந்த முகவரியை உறுதிசெய்துகொள்ள அவள் கொடுக்கும் விலையாகத் தன் பங்கு போகிறது. ஆனால் அந்த வாக்குறுதி பத்திரத்தில் எங்கும் எழுதப்படுவதில்லை. அவளுடைய விட்டுக்கொடுத்தல் முத்திரைத்தாளில் பதிவாகிறது. அண்ணனின் கடமை வாய்மொழியாகவே நிற்கிறது.

‘உனக்குத்தான் நகை போட்டாயிற்றே’ என்பது இன்னொரு வாதம். திருமணத்துக்குப் போட்ட நகையும் செய்த சீரும் வாரிசுரிமையைத் தானாக அழித்துவிடாது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். ஒரு குற்றத்தைக் காட்டி ஓர் உரிமையைத் தள்ளுபடி செய்கிற இந்தக் கணக்கு, வீட்டுக் கூடத்தில் மட்டுமே செல்லுபடியாகும்.

சட்டத்தின் நடைமுறைக்கும் இதில் பங்கிருக்கிறது. பதிவின்போது அலுவலர் உறுதிசெய்துகொள்வது, எழுதிக்கொடுத்தது இவர்தானா, கையெழுத்து இவருடையதுதானா என்பதை. புகைப்படம் எடுக்கிறார்கள், விரல்ரேகை பதிக்கிறார்கள். பணம் உண்மையில் கைமாறியதா, வீட்டில் இவர் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள் அல்ல. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். உண்மை தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. மாணவியின் அம்மா கையெழுத்திட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயருக்கு

‘பெயருக்கு’ என்றால் தமிழில் ஒப்புக்கு என்று பொருள். ‘வீடு என் பெயரில்தான் இருக்கு, பெயருக்கு’ என்று மனைவிகள் சொல்வது இந்த இரட்டைப் பொருளை அறிந்தேதான்.

மனைவி பெயரில் வாங்கினால் என்ன லாபம் என்று பத்திகள் விளக்கும். சில வங்கிகளில் வட்டியில் சிறு சலுகை. தமிழ்நாட்டில் 1.4.2025 முதல் 10 லட்ச ரூபாய் மதிப்புக்குள் பெண்கள் பெயரில் பதிவாகும் சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதக் குறைப்பு. இது வரவேற்க வேண்டிய திட்டம். நகரத்தில் 10 லட்சத்துக்குள் வீடு எங்கே கிடைக்கும் என்ற கேள்வியோடு வரவேற்க வேண்டியது. சலுகைக்காகப் பெண்ணின் பெயர் பத்திரத்தில் ஏறுவதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. எந்தக் காரணத்துக்காக ஏறினாலும், ஏறிய பெயருக்குச் சட்டத்தில் வலு உண்டு. பிரச்சினை அடுத்த மாதம் தொடங்குகிறது. அதே பெண்ணிடம் கணவருக்கோ மாமனாருக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கப்படுகிறது. “உனக்கு எதுக்கு அலைச்சல்?” அந்தப் பவரில் விற்கும் அதிகாரமும் அடங்கியிருந்தால், வீடு விற்கப்படுவது அவளுக்குத் தெரியாமலேயே நடக்கலாம். பவரை எழுதிக்கொடுத்தவர் பொதுவாக அதை ரத்து செய்யலாம், ரத்தையும் பதிவுசெய்யலாம் என்பதைச் சொல்லும் பத்திகளும் வாங்குபவரின் பாதுகாப்புக்காகவே சொல்கின்றன.

இதன் மறுபக்கம் கடன். மனைவிக்கும் வேலை இருந்தால் வங்கி அவளை இணைக் கடனாளியாகச் சேர்க்கும். பத்திரத்தில் பெயர் இல்லாமலேயே கடனில் மட்டும் பெயர் இருக்கலாம். அப்போது தவணை தவறினால் வங்கி அவளையும் கேட்கும். மணமுறிவு வந்தால் வீடு அவருடையது. மாதாமாதம் தவணையைக் கணவர் கட்ட, வீட்டுச் செலவு முழுவதையும் மனைவி பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் எத்தனையோ. அவர் கணக்கில் இருபது ஆண்டுத் தவணை ரசீதுகள் சேரும். அவள் கணக்கில் அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், மருந்துச் சீட்டு. நீதிமன்றத்தில் நீட்டக்கூடிய காகிதம் எது?

இந்தியச் சட்டத்தில் திருமணத்தின்போது சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு இல்லை. இந்தப் பின்னணியில்தான் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமாகிறது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துப் பணம் அனுப்ப, மனைவி இங்கே பிள்ளைகளையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்ட ஒரு வழக்கு அது. மனைவி பெயரில் இருந்த சொத்தும் தன் பணத்தில் வந்ததே என்பது கணவர் தரப்பு. வீட்டு வேலையும் பராமரிப்பும் இல்லாமல் அந்தச் சம்பாத்தியம் நடந்திருக்காது, எனவே மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். அந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இல்லை என்றாலும், அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ போன்ற கதைகளின் வழியாக நாம் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை ஒரு தீர்ப்பு தன் மொழியில் கேட்டுவிட்டது. ஆனால் தீர்ப்பைச் சட்டமாக நினைத்துக்கொண்டு இருந்துவிட முடியாது. ஒவ்வொரு பெண்ணும் வழக்காடித்தான் அந்தப் பங்கைப் பெற வேண்டியிருக்கும். பத்திரத்தில் முதல் நாளே இரண்டு பெயர்களை எழுதிவிட்டால் அந்த வழக்குக்குத் தேவையில்லை.

பெயர் இல்லாத மனைவிக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று கணவரைத் தடுக்கும் உத்தரவையும் அதில் கோரலாம். வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொன்னது. இது வசிக்கும் உரிமை. உரிமையாளர் ஆக்கும் உரிமை அல்ல. ஆனாலும் ‘வெளியே போ’ என்ற சொல்லுக்கு முன் நிற்கக்கூடியது.

சொந்தமாக வாங்கிய பெண்ணுக்கும் பிரதியின் கடைசிப் பக்கம் சாதகமாக எழுதப்படவில்லை. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவளாகச் சம்பாதித்த சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் அவளைப் பெற்றவர்களுக்கு. மணமான மூன்று மாதத்தில் கைம்பெண்ணாகி, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவள் இறந்த பின் அந்தப் புகுந்த வீட்டாருக்கே போனது. 2009இல் உச்ச நீதிமன்றம் அனுதாபத்தோடு, ஆனால் சட்டப்படி, அப்படித் தீர்ப்பளித்தது. வீடு வாங்கிய பெண்ணுக்கு முதல் ஆலோசனையாக ‘உயில் எழுதுங்கள்’ என்று எந்தப் பத்தியாவது சொல்லியிருக்க வேண்டும்.

கேள்விகளைத் திருப்பி எழுதுதல்

இந்த எழுத்துக்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். வாங்குபவரின் அச்சம் இல்லையென்றால் பல அண்ணன்கள் தங்கையைத் தேடி வந்திருக்கவே மாட்டார்கள். ‘சகோதரி கையெழுத்து இல்லாமல் வாங்காதீர்கள்’ என்ற எச்சரிக்கைதான் பல வீடுகளில் ‘உனக்கும் பங்கு இருக்கு’ என்ற செய்தியைப் பெண்ணிடம் முதன்முதலாகக் கொண்டுசேர்த்தது. வில்லங்கமாக இருப்பது நமக்கு வாய்த்த பேரம் பேசும் வலு. கையெழுத்துக்கு முந்தைய நாள் அந்த வலு முழுமையாக இருக்கிறது, மறுநாள் ஒன்றுமில்லை. இந்த ஒரு நாள் வேறுபாட்டைத்தான் வழிகாட்டிகள் பெண்ணிடம் சொல்வதில்லை.

எனவே மாணவிகளிடம் அந்தக் கேள்விப் பட்டியலை மகளின் பக்கமிருந்து திருப்பி எழுதச் சொல்கிறேன். அவர்கள் எழுதியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். கையெழுத்துக்கு முன் வரைவை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கத் தருவீர்களா? இது பூர்வீகச் சொத்தா, அப்பாவின் சொந்தச் சம்பாத்தியமா? வீட்டின் இன்றைய சந்தை விலை என்ன, அதில் என் பங்கு எவ்வளவு? பத்திரத்தில் எழுதும் தொகை என் வங்கிக் கணக்கில் எப்போது வரும்? விட்டுத்தான் கொடுக்க வேண்டுமா, அல்லது மற்றவர்களோடு நானும் விற்பவராகவே கையெழுத்திட்டு என் பங்கை வாங்கிக்கொள்ளலாமா? கடனில் என் பெயர் இருந்தால் பத்திரத்தில் ஏன் இல்லை? பவரில் விற்கும் அதிகாரம் எதற்கு? பதிவான பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்குமா?

ஒரு மாணவி இன்னொன்றைச் சேர்த்தாள். அவள் வீட்டில் அக்காவும் அவளும்தான். அம்மா தன் பெயரில் சிறு மனை ஒன்று வாங்கவிருந்தார். மகள் பத்திர எழுத்தரிடம் போய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்ற இடத்தில் ‘வாரிசுகள் பாரம்பரியமாய்’ என்று போட முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “போடலாமே, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைம்மா” என்றாராம். அடித்துத் திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை.